மரவள்ளிக்கு அடியில் ஐந்து ஜாடிகள்

இதில் யாருடைய பெயரும் வராது. என் வீட்டுக்காரரின் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. சொல்லாததால் ஒரு நாள் துப்பாக்கிக்கு முன்னால் நின்றதும் உண்டு. அவர் பெயரையே சொல்லாதவள் மற்றவர்கள் பெயரை மட்டும் அவிழ்த்துக் கொட்டினால் நன்றாகவா இருக்கும்?

மலாயாவில், கெடா மாநிலத்துச் செமிலிங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அவர் புல் மருந்து அடிக்கும் கூட்டத்தில். நான் பால் ஸ்டோரில். மரம் சீவும் வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, உறைவதற்கு ஆசிட் கலக்கும் வேலை. ஆசிட் கூடிப்போனால் ரப்பர் ஷீட்டு கெட்டுப்போகும்; குறைந்துபோனால் பால் கொழகொழவென்று கிடக்கும். வெள்ளைக்காரத் துரைக்கு அளந்து பார்க்கக் கண்ணாடிக் குவளை வேண்டும். எனக்குக் கண்ணே போதும். ஆறு வருஷத்தில் ஒரு தட்டைக்கூட நான் கெடுத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஸ்டோரில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து தொட்ட கை வாய்க்குப் போகக் கூடாது. வெற்றிலை போடப் போனாலும் சரி, பல்லிடுக்கில் எதையாவது நோண்டப் போனாலும் சரி, பக்கத்தில் நிற்பவள் அந்தக் கையை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிடுவாள். சின்னவள் பெரியவள் என்று பார்ப்பதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் வாரத்தில் மணிக்கட்டு சிவந்துதான் வீடு போவார்கள். கங்காணி ஒரு தடவை ஸ்டோருக்குள் நின்று சுருட்டை எடுத்து வாயில் வைக்கப்போய் என்னிடம் அடி வாங்கினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவும் இல்லை.

ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். ஸ்டோர் கதவைக்கூடச் சாத்தவில்லை. அன்றைக்குத் தோட்டமே உள்ளே புகுந்தது. அரிசி, மண்ணெண்ணெய், சாக்கு, கயிறு என்று ஆளுக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் போனார். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். அரிசிதான் என்று வாசலுக்கு ஓடினேன். வண்டியில் நான்கு சீமை ஜாடிகள் இருந்தன. இரண்டில் பால் உறைய வைக்கும் ஆசிட். ஒன்றில் பால் உறையாமல் இருக்கப் போடும் அமோனியா. இன்னொன்றில் லாலான் புல்லைக் கொல்ல அடிக்கும் விஷம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏங்க, ஊரே சோத்துக்கு அரிசி தூக்குது. நீங்க வெசத்தத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே. இதயா ஒலயில போடுறது?"

"பசங்க ஸ்டோருக்குள்ள பூந்து வெளயாடுதுங்க புள்ள. போன வருசம் மருந்து அடிச்ச புல்லத் தின்னுட்டு மூணு மாடு செத்துச்சே, மறந்துட்டியா? இத எவனாவது தண்ணின்னு குடிச்சான்னா?"

லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்கள் மரவள்ளிக் கொல்லையில் குழி தோண்டி ஜாடிகளைப் புதைத்தார். அரிசி தூக்கிய பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று சிரித்ததை நான் மறக்கவில்லை. அவள் அரிசி இரண்டு மாதத்தில் தீர்ந்தது என்பதையும் மறக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் ஆள் வைத்து ஸ்டோரைத் திறந்தான். ஜாடிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், தோட்டத்துச் சாமானை எடுத்தவர்களைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி அடித்த அடியைப் பார்த்தவர்களுக்கு எப்படித் தைரியம் வரும்? எங்களுக்கு வரவில்லை. ஜாடிகள் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. ஸ்டோரில் மிச்சமிருந்த ஆசிட்டும் தீர்ந்துகொண்டு வந்ததால், புளித்த கள்ளில் பால் உறையுமா என்று பார்க்க என் வீட்டுக்காரர் ஒரு காலி ஜாடியில் கள்ளை ஊற்றி அதையும் பக்கத்தில் புதைத்து வைத்தார். ஆக, ஐந்து.

கெடாவை ஜப்பான்காரன் சயாம்காரனிடம் கொடுப்பதற்கு முந்தின வருஷம் அது. ஆயுத பூசை வந்தது. வெட்டுக் கத்தி, வாளி, கூடை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தோம். இவர் சும்மா இருக்கவில்லை.

"அந்த ஜாடியும் நமக்குச் சோறு போட்ட சாமான்தான. அதுக்கு மட்டும் பூச இல்லயா?"

தோண்டி எடுத்தார். நான் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு ஐந்தையும் பளபளவென்று தேய்த்தேன். ஜாடிகளில் ஒட்டியிருந்த காகிதத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. அழுக்கு என்று நினைத்து அதையும் சுரண்டி எடுத்துவிட்டேன். பிறகு வெள்ளையாகத் திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் சிவப்பாகக் குங்குமப் பொட்டு வைத்தேன். கும்பிட்டு முடித்ததும் மறுபடி புதைத்தோம். என் கையாலேயே என் புருஷனுக்கு வினை வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் பீடோங் சாலையில் ஜப்பான் ராணுவ லாரி ஒன்றை யாரோ கவிழ்த்துவிட்டார்கள். மலைக்காட்டில் ஒளிந்திருந்த ஆட்களின் வேலை என்றார்கள். தோட்டம் தோட்டமாகச் சோதனை நடந்தது. எங்கள் லயத்துக்கு வந்தபோது மரவள்ளிக் கொல்லையில் புது மண் கிடந்தது. பூசை முடிந்து மூன்றாவது நாள்தானே, கிடக்கத்தான் செய்யும். தோண்டினார்கள். ஐந்து ஜாடிகளும் பட்டையும் பொட்டுமாக வெளியே வந்தன. இவரைப் பின்கட்டாகக் கட்டிப் பால் ஸ்டோருக்கு முன்னால் மண்டிபோட வைத்தார்கள். இப்படிச் சுங்கை பட்டாணி ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

நான் ஸ்டோருக்குள் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

சிமெண்டுத் திட்டில் ஜாடிகளை வரிசையாக வைத்துவிட்டு அவர்களுக்குள் விவாதம் தொடங்கியது. ஜப்பான் அதிகாரி ஒருவர், மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர், மூன்று பேரும் பேசினார்கள். வெடிகுண்டு செய்யக் காட்டுக்காரர்களுக்கு வைத்திருந்த மருந்து என்றார் அதிகாரி. இல்லை, முகாம் தண்ணீரில் கலக்க வைத்திருந்த விஷமாக இருக்கும் என்றார் மொழிபெயர்ப்பாளர். மருந்து படித்தவர் என்று டிரசரைக் கேட்டார்கள். நல்ல மனிதர்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேர்த்த வேர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு முழம் தள்ளி நின்று மோந்து பார்த்துவிட்டு, "குண்டுக்கும் ஆகலாம், விஷத்துக்கும் ஆகலாம். லேபிள் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் மலாயில்.

லேபிள் என்ற சொல் எனக்குத் தெரியும். அது எங்கே போயிற்று என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பயத்தைவிடக் கோபம்தான் எனக்கு முதலில் வரும். என் சுபாவம் அது. ஆறு வருஷம் நான் கையை விட்டு அளைந்த மருந்தைப் பற்றி, ஸ்டோர் வாசலை மிதிக்காத மூன்று ஆண்பிள்ளைகள் பேசிப் பேசி என் தாலியை அறுக்கப் போகிறார்களா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"கெத்தா புஞ்ஞா ஓபாட், துவான்" என்றேன். ரப்பர் பாலுக்கான மருந்து, ஐயா என்று அர்த்தம். சந்தை மலாய்தான். ஆனால் குரல் நடுங்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் நீ என்றார். மண்டிபோட்டிருப்பவரின் மனைவி என்றேன். அவன் பெயர் என்ன என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். எப்படிச் சொல்வேன்? அதிகாரியின் முகம் மாறியது. ஒரு சிப்பாய் துப்பாக்கியை என் பக்கம் திருப்பினான். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். டிரசர்தான் பதறிப்போய், எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று விளக்கினார். என்னிடம் திரும்பி, "ஏம்மா, உசுரு போற நேரத்துல இது ரொம்ப முக்கியமா?" என்று பல்லைக் கடித்தார்.

அதிகாரி அடுத்துக் கேட்டது அந்தப் பொட்டைப் பற்றி. வெள்ளையில் சிவப்பு வட்டம். எங்கள் ஜப்பான் கொடியை ஏன் விஷ ஜாடியில் போட்டீர்கள், இது கேலியா, இல்லை காட்டுக்காரர்களின் ரகசிய அடையாளமா என்றார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சுவரில் தொங்கிய வாளி, வடிகட்டி, வெட்டுக் கத்தி, துடைப்பம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டேன். துடைப்பம்வரைக்கும் பட்டையும் பொட்டும். வருஷத்தில் ஒரு நாள், சோறு போடும் சாமானுக்கெல்லாம் சாமி மரியாதை செய்வோம் என்றேன். அவர் துடைப்பத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜாடிகளைக் காட்டினார். ரப்பர் மருந்து என்றால் செய்து காட்டு. ஒன்று தப்பினாலும் இவன் லாரியில் ஏறுவான்.

காலையில் வந்த பால் தொட்டியில் இருந்தது. மூன்று தட்டில் மொண்டு வைத்தேன். முதல் ஜாடியைத் திறந்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. கொட்டாங்குச்சியில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். அவசரத்துக்கு அளவைக் கூட்டித்தான் ஊற்றினேன், ஷீட்டு அடிக்கவா போகிறோம்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் திரண்டது. கையால் வழித்து எடுத்து உதறிக் காட்டினேன். இரண்டாவது ஜாடியும் அப்படியே. மூன்றாவது அமோனியா. மூடியைத் திறந்ததும் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், டிரசர் மூவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதை ஊற்றிய பால் தண்ணீராகவே கிடந்ததைக் காட்டினேன். இப்படி உறையாமல் இருக்கத்தான் இது என்றேன்.

நான்காவது புளித்த கள்ளு. நானே கையைக் கழுவிவிட்டு, வேறொரு கொட்டாங்குச்சியில் ஊற்றி மடக்கென்று குடித்தேன். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அதிகாரி ஆச்சரியத்தோடு ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகம் சுளித்தது; பிறகு சிரித்தார். அவர்கள் ஊரில் சோற்றில் சேர்க்கும் காடி இப்படித்தான் இருக்கும் என்று சொன்னாராம். சிப்பாய்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

மிச்சம் ஐந்தாவது.

புல் விஷத்துக்கு வாசனையே கிடையாது. பழுப்பாக, கெட்டிப் பாகு மாதிரி இருக்கும். அதைக்கொண்டு பால் உறையாது, உறையாமல் காக்கவும் முடியாது. விஷம் என்று ஒப்புக்கொண்டால் முகாம் தண்ணீரில் கலக்கத்தான் என்பார்கள். ஒப்புக்கொள்ளாமல் என்ன சொல்வது? டிரசர் என் பின்னால் வந்து, "அதுவும் ஆசிட்டு, பழசாயி கெட்டுப்போச்சுன்னு சொல்லிரும்மா" என்று முணுமுணுத்தார். அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் நானும் முடிவு செய்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பெரிய எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. என் புருஷன் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தேன். வாயைத் திறப்பதற்குள் அதிகாரி குனிந்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. கள் ருசித்த தைரியம் வேறு. சிரித்துக்கொண்டே விரலை விட்டு எடுத்து, நாக்குக்குக் கொண்டு போனார்.

பளீரென்று ஓர் அடி. அவர் மணிக்கட்டில். அடித்தது நான்தான்.

நான் யோசித்து அடிக்கவில்லை. கை வாய்க்குப் போயிற்று, என் கை எழுந்தது. கங்காணியை அடித்த அதே அடி. அடித்த பிறகுதான் யாரை அடித்தேன் என்று தெரிந்தது. அடுத்த நொடி துப்பாக்கிக் கட்டை என் தோளில் இறங்கியது. தட்டுகளின் மேல் போய் விழுந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிய கையோடு எழுந்திருக்கப் பார்த்து முகம் குப்புற விழுந்தார். அதிகாரியின் விரல் இன்னும் அவர் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"ராச்சூன்! ராச்சூன், துவான்!" என்று கத்தினேன். விஷம், விஷம் என்று.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் எழுந்து வாளியை எடுத்தேன். அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன், சாம்பலைப் போட்டு நகக்கண்வரை தேய்த்தேன், மறுபடி ஊற்றினேன். ஸ்டோரில் யார் கை பட்டாலும் செய்கிறதுதான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினேன். மலாய் எனக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இது புல்லைக் கொல்கிற விஷம். மூன்று மாடு செத்தது. பிள்ளைகள் குடித்துவிடக் கூடாது என்றுதான் இவர் புதைத்தார். ஊரே அரிசி தூக்கியபோது இவர் இதைத் தூக்கினார். உங்களைக் கொல்ல வேண்டும் என்றால் இவருக்குக் காட்டுக்காரர்கள் எதற்கு? நான் இப்போது சும்மா நின்றிருந்தால் போதுமே, துவான்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். ஆசிட் தின்று தோல் உரிந்து, நுனியெல்லாம் வெளுத்து, வெடித்துப் போன விரல்கள். எதிரில் டிரசரின் விரல்கள், மொழிபெயர்ப்பாளரின் விரல்கள், அவருடைய விரல்கள். எந்தக் கை மருந்தை அறிந்த கை என்று விளங்க லேபிள் வேண்டியிருக்கவில்லை.

இவருடைய கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். சாமானை மறைத்ததற்காக இவர் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. அவ்வளவோடு விட்டார்கள். அந்த அதிகாரியை நல்லவர் என்று நான் எழுதமாட்டேன். அதே மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவர் லாரியில் ஏற்றிப் போன இரண்டு பேர் திரும்பவே இல்லை. அவர்களுக்காகப் பேச ஆள் இருந்தார்களோ இல்லையோ.

விஷ ஜாடியைக் கொண்டுபோகும் முன் அதன்மேல் எழுதச் சொன்னார் அதிகாரி, அவரவர் பாஷையில். டிரசர் சுண்ணாம்புக் கட்டியால் பொட்டுக்குக் கீழே தமிழில் எழுதினார். மூன்றே எழுத்து. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அன்று சாயங்காலம் அடுப்புக்கரியால் ஸ்டோர் சுவரில் அதைப் பார்த்தபடியே எழுதிவிட்டேன். எல்லாரும் 'அ'வில் தொடங்குவார்கள். நான் எழுதிய முதல் சொல் விஷம். மிச்ச எழுத்தெல்லாம் பிறகு வந்தது. இதோ, இத்தனை பக்கத்தையும் நானே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். இவர் பாராட்டத் தெரியாத மனிதர். கறி நன்றாக இருந்தால்கூட இன்னும் கொஞ்சம் சோறு போடு என்பாரே தவிர, வாயால் ஒரு வார்த்தை வராது. வாசல்வரை வந்து, "தோளு வலிக்குதா?" என்றார். "வலிக்குதுலா" என்றேன். எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். அதோடு சரி.

மறு வருஷம் ஆயுத பூசை வந்தது. அதற்குள் ஆசிட் சொட்டு இல்லாமல் தீர்ந்திருந்தது. ஜாடி ஒன்றும் இல்லை. கத்தியையும் வாளியையும் மட்டும் கழுவி வைத்திருந்தேன். இவர் ஒவ்வொன்றுக்கும் திருநீறு பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்தது என்று நான் சூடம் எடுக்கப் போனேன்.

"கையக் காட்டு" என்றார்.

சூடத்தை ஏற்றத்தான் கேட்கிறார் என்று நினைத்து நீட்டினேன். இரண்டு கையையும் பிடித்துத் திருப்பினார். உரிந்துபோன விரல்களின்மேல் பட்டையாகத் திருநீற்றைப் பூசினார். நடுவில் குங்குமத்தை வைத்தார். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. பிறகு கத்திக்கும் வாளிக்கும் செய்ததைப் போலவே என் கைகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையில் குங்குமம்.

"ஜப்பான்காரன் பாத்தா கொடிம்பான்" என்றேன் ஒருவழியாக.

"சொல்லட்டும்" என்றார். "ஒங்கிட்ட அடி வாங்குனவன்தான?"